கரையேறிய கலங்கள்

கப்பலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அது கடலில் ஓடிய கதையையே பேசுவர். சோழர் படை கடல் கடந்து சென்றதையும், யவனர் மரக்கலம் முசிறிக்கு வந்ததையும், வ. உ. சிதம்பரனார் 1906-ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கழகம் கண்டதையும் நாம் மேடைதோறும் கேட்கிறோம், கேட்டு மகிழ்கிறோம். ஆயின், மேலைக் கடலில் ஓடிய ஒரு பாய்க்கப்பல் ஆண்டில் மூன்று நான்கு திங்களைக் கரையிலேயே கழித்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று சீறும் காலத்தில் அது கரையேறும். பாயும் பாய்மரமும் கழற்றப்படும். உடல் முழுவதும் பழுது பார்க்கப்படும். காற்று மாறியதும் அது மீண்டும் நீரில் இறங்கும். அவ்விறக்கம் செம்மையாக நடந்தால்தான் அடுத்த பயணம் உண்டு. எனவே கடலோடிய வரலாற்றில் ஒரு பாதி, கரையில் நடந்த வரலாறே எனலாம். புலவரும் வரலாற்றாசிரியரும் மிகுதியாகத் தொடாத அந்தப் பாதியை ஈண்டுச் சிறிது காண்போம்.

ஏலூரில் வாழும் நமக்கு இப்பொருள் அயலானதன்று. பெரியாறு இரு கிளையாகப் பிரிந்து சூழ்ந்துள்ள தீவு நம் ஏலூர். சேஷசாயி சகோதரர்களின் முயற்சியால் 1943-இல் நிறுவப்பட்டு, 1947-இல் உற்பத்தியைத் தொடங்கிய உரத் தொழிற்சாலையும், அதனைச் சூழ்ந்து எழுந்த பிற ஆலைகளும் நம் குடும்பங்கள் பலவற்றை இங்குக் கொணர்ந்தன. ஆனால், தமிழ்ப் பாட்டு இவ்வாற்றை அறிந்தது அதற்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னராகும். எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அகநானூற்று 149-ஆம் பாடலில், யவனரின் சிறந்த கப்பல்கள் தங்கத்தை இறக்கிவிட்டு மிளகை ஏற்றிச் செல்லும் காட்சியைப் பாடுகின்றார். அவர் சுள்ளி என்று குறிப்பது இப்பெரியாற்றையே ஆகும்.

காற்றின் ஆணை

பாய்க்கப்பலுக்கு அரசன் காற்று. கரிகால் வளவனின் முன்னோன் ஒருவன் அக்காற்றையே தனக்கு ஏவல் செய்ய வைத்தான் என வெண்ணிக்குயத்தியார் புறநானூற்று 66-ஆம் பாடலில் புகழ்கின்றார். ஏவல் செய்ய வைத்தான் என்பதன் பொருள், காற்றை எதிர்த்து ஓடினான் என்பதன்று. அது வீசும் காலத்தையும் அடங்கும் காலத்தையும் அறிந்து நடந்தான் என்பதே. ஓடத் தெரிந்தவன் நிற்கவும் தெரிந்தவனாதல் வேண்டும்.

முதல் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, முசிறிக்கு வந்த கப்பல்கள் திசம்பர்த் திங்களிலோ, தவறினால் சனவரித் திங்களின் முற்பகுதியிலோ மீண்டுவிடும் என எழுதியுள்ளார். பருவக்காற்றின் பிற்பகுதியில் வந்து, வாடைக்காற்றில் திரும்பும் வரை உள்ள பல வாரங்களை அம்மாலுமிகள் நம் ஆற்றங்கரையில் கழித்திருத்தல் வேண்டும். நெடுங்கடல் கடந்து வந்த கப்பலின் பழுதை அவ்வாரங்களில் நீக்கியிருப்பர் எனக் கொள்வது பொருந்தும். ஏலூருக்கு வடமேற்கே, முசிறியோடு ஆய்வாளர் பலர் இணைத்துக் காணும் பட்டணம் என்னும் ஊரில் 2007-இல் நடந்த அகழாய்வில், ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள அயினி மரத் தோணி ஒன்றும், படகுகளைக் கட்டுதற்குரிய தேக்கு முளைகளும் வெளிப்பட்டன. அவை கலம் வந்து நின்ற இடத்தின் சான்றுகள். ஓடிய இடத்தின் சான்றுகள் அல்ல. கடல் தன்மேல் ஓடியவற்றின் சுவட்டை வைத்திருப்பதில்லை. கரையே வைத்திருக்கிறது.

பதினான்காம் நூற்றாண்டில் மலையாளக் கரைக்கு வந்த இப்னு பதூதா, சீனத்துப் பெருங்கப்பல்கள் மழைக்காலத்தைப் பந்தலாயினிக் கொல்லத்தில் தங்கிக் கழித்தன எனக் குறித்துள்ளார். 1341-ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளம் முசிறிப் பக்கத்து முகத்தைத் தூர்த்துக் கொச்சி முகத்தை அகலத் திறந்ததாகக் கருதப்படுகிறது. எனினும் கொச்சியின் வாயிலில் கிடந்த மணல்திட்டு பெருங்கப்பல்களைத் தடுத்தது. 1920-இல் இங்கு வந்த இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் அத்திட்டை வெட்டித் திறந்த பின்னரே, 1928-ஆம் ஆண்டு மே திங்களில் பெருங்கப்பல் உள்ளே நுழைந்தது. நீராவிக் கப்பலுக்கு ஆண்டு முழுவதும் கதவு திறந்தது. பாய்க்கப்பலுக்கோ பழைய ஆணையே நீடித்தது. சூன் முதல் ஆகத்து வரை அது கரையைவிட்டு அகலவில்லை.

கரையேறுவது ஏன்?

காற்றுக்கு அஞ்சி ஒதுங்குவது மட்டுமே காரணமாயின் உப்பங்கழியில் நங்கூரமிட்டு நின்றால் போதுமன்றோ? கரையேறுதற்கு வேறு காரணமும் உண்டு. கடல்நீரில் கிடக்கும் மரத்திற்குப் பகை மூன்று. முதலாவது கப்பற்புழு. புழு எனப் பெயர் பெற்றாலும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிர். ஊசி நுழையும் துளை வழியே பலகைக்குள் புகுந்து, வெளித்தோற்றம் கெடாமலே உள்ளே குடைந்துவிடும். இரண்டாவது பகை கொட்டலசும் பாசியும். அவை அடிப்பலகையில் ஒட்டிப் படர்ந்து கலத்தின் விரைவைக் குறைக்கும். மூன்றாவது பகை, பலகைகளின் இடையேயுள்ள மூட்டு. அலையில் ஓயாது நெளியும் கலத்தில் அங்கு வைத்த நார் சிறிது சிறிதாகக் கழன்று நீர் கசியும்.

இம்மூன்றில் முதற்பகைக்கு மருந்து பெரியாற்றிலேயே உண்டு. கப்பற்புழு உப்பு நீரில் வாழ்வது. நன்னீரில் சில வாரம் கிடந்தால் மடிவது. ஆடி மழையில் பெரியாறு பெருகி வரும்போது கொச்சிக் காயல் ஏறத்தாழ நன்னீராகவே மாறிவிடுகிறது. ஆகவே ஆற்றுமுகத்துத் துறையில் மழைக்காலத்தைக் கழிக்கும் கலம் புழுவினின்றும் விடுபடும். பழந்துறைகள் பலவும் ஆற்றுமுகங்களை ஒட்டி அமைந்ததன் பயன்களில் இதுவும் ஒன்று.

ஏற்றமும் இறக்கமும்

பெருங்கலத்தைக் கரையேற்றுவது எளிய செயலன்று. காம்பே வளைகுடாவில் கடலின் ஏற்றத்தாழ்வு 10 மீட்டர் அளவினைத் தொடும். அங்கே ஓதம் ஏறும்போது கலத்தை உள்ளே செலுத்தினால் போதும். ஓதம் வடிந்ததும் அது தரையில் தானே அமரும். மீண்டும் நீரிறக்க அடுத்த பேரோதத்தை எதிர்நோக்கியிருந்தால் அதுவே தூக்கிவிடும். கொச்சியிலும் தூத்துக்குடியிலும் ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு உட்பட்டதே. கடல் நமக்கு ஒரு முழம் உதவி செய்யும். எஞ்சியதை மனிதன் தோளே செய்தாக வேண்டும்.

அதனால் இக்கரைகளில் தனியொரு தொழிற்கலை வளர்ந்தது. முழுநிலா நாளும் புதுநிலா நாளுமாகிய உவா நாட்களில் நீர் மிகுதியாக ஏறும். அந்நாளைத் தேர்ந்து கலத்தைக் கரையோரம் சேர்ப்பர். சரக்கும் அடிப்பாரமும் முன்னரே இறக்கப்பட்டிருக்கும். கரையில் மரச்சட்டங்களைப் பரப்பி, மேலே உருளைக் கட்டைகளை அடுக்கி, கொழுப்புப் பூசுவர். கப்பியில் வடத்தைக் கோத்து, நட்டுவைத்த உருளையில் அதைச் சுற்றி, பலர் கூடிச் சுழற்ற, கலம் விரல் விரலாக மேலேறும். பின்னே விடுபட்ட கட்டையை ஒருவர் எடுத்து முன்னே கொண்டுபோய் இடுவார். ஒருவர் பாட, மற்றையோர் மறுமொழி பாடி ஒரே நொடியில் வலிப்பர். பாட்டு ஈண்டுப் பொழுதுபோக்கன்று. நாற்பது பேரின் வலிமையை ஒரு வலிமையாக்கும் கருவியாகும்.

வேப்பூரில் உரு என்னும் பெருமரக்கலங்களைக் கட்டி நீரிறக்கிய மாப்பிளைக் கலாசிகள் இக்கலையில் பெயர் பெற்றவர்கள். 1988-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பெருமண் பாலத்திலிருந்து ஐலண்டு விரைவு வண்டி அட்டமுடிக் காயலில் வீழ்ந்தபோது, மூழ்கிய பெட்டிகளை வெளிக்கொணரும் பணியில் அவர்கள் தம் கப்பியையும் வடத்தையும் கொண்டு துணைநின்றதை நம்மில் மூத்தோர் அறிவர். கலத்தைக் கரையேற்றவும் நீரிறக்கவும் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற கை, அத்துயர நாளில் நாட்டுக்கு உதவியது.

கலப்பத்து

கரையேறிய கலத்துக்குச் செய்யும் பணிகளில் தலையாயது கலப்பத்து. பலகைகளின் இடுக்கில் பஞ்சையோ நாரையோ உளியால் செறித்து, அதன்மேல் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து காய்ச்சிய மெழுக்கைப் பூசி, நீர் புகாமல் அடைப்பதற்கு அப்பெயர். போர்த்துகீசிய மொழியில் இப்பணி செய்வோனைக் கலஃபாத்தெ என்பர். அரபு மொழியிலும் இதனை ஒத்த சொல் உண்டு. துறைமுகத்தில் தொழிலாளர் தோளோடு தோள் நின்று வேலை செய்தபோது, சொல்லும் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறியது. கொடுத்ததும் உண்டு: கட்டுமரம் ஆங்கிலத்தில் புகுந்தது, தென்னங்கயிறும் தன் பெயரோடு அம்மொழிக்குச் சென்றது.

ஆணியால் அறைந்த கலத்திற்கு இது முறை. கயிற்றால் தைத்த கலத்திற்கு முறை வேறு. நம் ஏலூரைச் சூழ்ந்த நீர்வழிகளில் நெல்லும் கொப்பரையும் சுமந்து திரிந்த கெட்டுவள்ளம், அயினிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்யப்படுவது. அதில் இரும்பாணி இல்லை. கயிறு நைந்த இடத்தில் தையலைப் பிரித்துப் புதிதாகத் தைப்பர். முந்திரிக்கொட்டை எண்ணெயையும் மீன் எண்ணெயையும் பூசுவர். பழுது பார்ப்பதற்கு ஏற்றபடியே அக்கலம் முதலில் படைக்கப்பட்டது என்பதே அதன் நுட்பம். பிரிக்க இயலாதபடி கட்டுவது ஒரு திறமை. வேண்டியபோது பிரித்துத் திரும்பக் கட்டும்படி அமைப்பது அதனினும் நுண்ணிய திறமை.

இன்னுமொரு செய்தி ஈண்டு நினைக்கத்தக்கது. வெயிலில் உலர்ந்த பலகை சுருங்கும். மூட்டு அகன்று தோன்றும். அதைக் கண்டு பழக்கமில்லாதவன் பஞ்சை வலிந்து திணிப்பான். கலம் நீரில் இறங்கியதும் பலகை ஊறி விரியும். திணித்த பஞ்சுக்கு இடமின்றி ஆணியே தெறிக்கும். தேர்ந்தவனோ நாளை நீரில் பலகை எவ்வளவு விரியும் என்பதை இன்று கரையில் கணித்து, அவ்வளவுக்கு இடம் விட்டு அடைப்பான். எந்த ஏட்டிலும் எழுதப்படாத கணக்கு அது. உளியைத் தட்டும் ஓசையிலேயே அவன் அதை அறிந்தான்.

வெள்ளோட்டம்

பழுது நீங்கிய கலம் உடனே பயணம் புறப்படாது. உவா நாளில் நீரிறக்கியதும் முதல் ஓரிரு நாள் அதன் மூட்டுகளில் நீர் கசியும். ஆட்கள் இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருப்பர். பலகை ஊறி விரிந்து இடுக்குகள் தாமே இறுகிய பின்னரே அடுத்த வேலை தொடங்கும். வெற்றுக் கலம் நிலை கொள்ளாது ஆடுமாதலால் கல்லையோ மணலையோ அடிப்பாரமாக இடுவர். பின்னர்ப் பாய்மரம் நிறுத்தப்படும், பருமல் ஏறும், கூரையின் கீழே மழை படாமல் சுருட்டிவைத்த கயிறுகள் எடுத்துக் கட்டப்படும். தென்னங்கயிறு உப்பு நீரைத் தாங்கும். மழைநீரில் கிடந்தால் இற்றுவிடும். ஆகவே கலத்தைவிட அதன் கயிறே மழைக்காலத்தில் மிகுந்த காவலுக்கு உரியதாயிருந்தது. சுக்கான், நங்கூரம், தண்ணீர்ப் பீப்பாய், விளக்கு என ஒவ்வொன்றையும் தண்டல் நேரில் பார்த்துத் தேர்வார். இறுதியில் சரக்கின்றிச் சிறிது தொலைவு ஓட்டிப் பார்ப்பர். அதுவே வெள்ளோட்டம். இன்று நாம் புதிய தொடர்வண்டிக்கும் கோயில் தேருக்கும் வழங்கும் அச்சொல் கலத்துக்கும் உரியது.

நீரிறக்கும் நாளில் பூசையும் உண்டு. மரத்தின் இலக்கணமும் நல்ல நாளும் பார்க்கும் மரபு தமிழில் கப்பல் சாத்திரம் என்னும் தனி நூலாகவே உருப்பெற்றது. கலத்துக்கு நறும்புகை காட்டும் வழக்கமோ சங்க காலத்திலேயே இருந்தது. இதற்குச் சான்று நற்றிணை 315-ஆம் பாடல். அம்மூவனார் அங்கே ஒரு பழந்தோணியைக் காட்டுகின்றார். பல ஆண்டு அலையில் அடிபட்டு, மூத்து, முகப்புச் சிதைந்து, வேலையினின்றும் நீங்கிய தோணி அது. உழைத்து முதிர்ந்த எருதை உழவர் புல்வெளியில் விட்டுவிடுவது போல, அதற்கு நறும்புகை காட்டுதலையும் நிறுத்திப் புன்னை நிழலில் கட்டிவிட்டனராம். கலத்துக்கு ஓய்வும் உண்டு, முதுமையும் உண்டு என்பதை இத்துணைப் பரிவோடு கண்ட புலவன், கரையில் நின்று அக்கலங்களோடு பழகியவனாகவே இருத்தல் வேண்டும். புகை காட்டாத தோணி மீண்டும் கடலுக்குச் செல்லாது. கரையில் கிடக்கும் இரு கலங்களுள் ஒன்று ஓய்வெடுக்கிறது, மற்றொன்று கைவிடப்பட்டது என்னும் வேறுபாட்டை அப்புகை ஒன்றே காட்டியது.

மீளாத கலங்கள்

கரையேறிய கலம் எல்லாம் மீண்டும் கடல் காண்பதில்லை. சேர்த்தலைக்கு அருகேயுள்ள கடக்கரைப்பள்ளியில், நிலத்தின் அடியில் புதைந்து கிடந்த 18 மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள மரக்கலம் ஒன்றை 2002–2003-இல் ஆய்வாளர்கள் அகழ்ந்தெடுத்தனர். அயினிப் பலகையும் இரும்பாணியும் கொண்டு செய்த அக்கலத்தின் பெயரும் ஊரும் உரிமையாளரும் மறைந்தாலும், அதைச் செய்தவர் கைத்திறன் மண்ணுக்குள் நிலைத்தது.

தூத்துக்குடித் தோணிகளின் கதை நம் காலத்தது. ஆழமில்லாத அக்கரையில் நீராவிக் கப்பல்கள் ஐந்தாறு கல் தொலைவில் நின்றபோது, சரக்கை அவற்றிடம் கொண்டு சேர்த்தவை தோணிகளே. கொழும்புக்கும் மாலத் தீவுக்கும் பாய் விரித்துச் சென்றவையும் அவையே. 1974-இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல் நேரே கரையில் அணைந்தது. தோணியிலும் நாளடைவில் எந்திரம் ஏறிற்று, பாய் சுருங்கிற்று. தோணி அழிந்துவிடவில்லை. ஆனால் பாய்மரத்தைக் கழற்றி நிறுத்தவும் பாய் தைக்கவும் அறிந்த கைகள் குறைந்தன.

கலம் வாழ்ந்தும் ஊரைப் பிரிந்த கதையும் உண்டு. ஈழத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் என்னும் பாய்க்கப்பலை இராபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கி, அதற்குப் புதுப்பெயர் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனை ஓட்டிச் சென்று 1938-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் அமெரிக்காவின் குளோஸ்டர்த் துறையில் சேர்த்தனர். பெயர் மாறினும் அக்கலத்தின் உறுதிக்குச் சான்று பகர்ந்தது அந்நெடும் பயணம்.

இன்றைய நிலை

பாய்க்கப்பல் போயிற்று, கரையேறும் காலம் போகவில்லை. கேரளத்தில் 1988 முதல் மழைக்காலத்தில் இழுவைப் படகுகளுக்குத் தடை உண்டு. இப்போது அது சூன் திங்களில் தொடங்கி சூலை முடிய 52 நாள் நீடிக்கிறது. தமிழகத்தின் கீழைக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் தடை. மீன் பெருகுதற்காக இடப்பட்ட இத்தடை, படகைக் கரையேற்றிச் செப்பனிடும் பருவமாகவும் அமைந்துவிட்டது. மட்டாஞ்சேரிக்கு அடுத்த தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு, தூத்தூர் முதலிய கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்களின் மீனவர் ஆழ்கடலுக்குச் செல்கின்றனர். நம்மைப் போலவே ஊரைப் பிரிந்து வாழும் அவர்களுக்கு, படகு கரையேறும் காலமே வீடு திரும்பும் காலமாகவும் இருக்கிறது. படகு மீண்டும் நீரிறங்கும் நாளோ பிரியும் நாள்.

பழங்கலையை மீட்கும் முயற்சிகளும் நடவாமலில்லை. ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றின் சிதைவை மாதிரியாகக் கொண்டு கயிற்றால் தைத்த மஸ்கட் மணி என்னும் கலம், 2010-இல் ஓமனிலிருந்து புறப்பட்டுக் கொச்சிக்கு வந்து, இலங்கையின் காலித் துறையில் பாய்மரங்களை மாற்றிக்கொண்டு, சிங்கப்பூர் சேர்ந்தது. கேரளத் தச்சர் பாபு சங்கரன் தலைமையில் கோவாவில் தைக்கப்பட்ட கௌண்டின்யா என்னும் கலம் 2025 மே திங்களில் நம் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் போர்பந்தரிலிருந்து பாய் விரித்து மஸ்கட் துறையை அடைந்தது. அஜந்தா ஓவியம் அக்கலத்தின் வடிவைத் தந்தது. ஆனால் ஓவியம் தையலைக் கற்பிக்காது. தைக்கத் தெரிந்த கைகள் கேரளத்தில் எஞ்சியிருந்தமையாலேயே அது நீரில் இறங்கியது. இன்னும் ஒரு தலைமுறை கழிந்திருப்பின் ஓவியம் ஓவியமாகவே இருந்திருக்கும்.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்று. கோப்புகளோடு நாள் கழிக்கும் நம்மனோர்க்கு, எழுதப்படாத பணி செய்யப்படாத பணியாகவே கொள்ளப்படும் என்பது தெரியும். கலத்தைக் கரையேற்றியோர் எழுதவில்லை. எழுதினோர் கலத்தைத் தொடவில்லை. ஏரா, வங்குக்கால், அணியம், கடையால், பருமல், கலப்பத்து என்னும் சொற்களை நம் வீட்டுப் பிள்ளைகள் அறியார். தூத்துக்குடியிலும் குளச்சலிலும் நாகையிலும் பிறந்து இங்கு வந்து வாழும் முதியோருள் சிலர் இன்னும் அறிவர். அவர்களிடம் அமர்ந்து கேட்டு, ஒவ்வொரு சொல்லையும் அதற்குரிய வேலையோடு சேர்த்து எழுதிவைத்தல் நம் சங்கம் செய்யத்தக்க பணியாகும். அதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு குறிப்பேடும் சில ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். வரும் ஆண்டு மலரில் அத்தொகுப்பின் முதற்பகுதியேனும் இடம்பெறுமாறு செய்வோமாக.